ரிவர்ஸ்: வரும்போதா, கிளம்பும்போதா?

கல்யாண மண்டபமோ ஆஸ்பத்திரியோ ஜவுளிக்கடையோ, வாகன நிறுத்துமிடத்துக்குள் நுழைந்தால் கார்கள் இரண்டு விதமாக நிற்பதைப் பார்க்கலாம். சில கார்கள் சுவரைப் பார்த்தபடி நிற்கும். சில கார்கள் வழியைப் பார்த்தபடி நிற்கும். சுவரைப் பார்த்து நிறுத்தியவர் வந்த கையோடு நேராக உள்ளே விட்டு இறங்கிப் போயிருப்பார். கிளம்பும்போது ரிவர்ஸ் எடுப்பார். வழியைப் பார்த்து நிறுத்தியவர் வரும்போதே கட்டத்தைச் சற்றுத் தாண்டிப் போய், ரிவர்ஸில் உள்ளே விட்டிருப்பார். கிளம்பும்போது நேராக வெளியே வருவார்.

கணக்குப் போட்டால் இரண்டும் ஒன்றுதான். இருவரும் ஒரு தடவை முன்னோக்கி ஓட்டுகிறார்கள், ஒரு தடவை பின்னோக்கி ஓட்டுகிறார்கள். "எப்படியும் ரிவர்ஸ் எடுத்தாக வேண்டும், இப்போது எடுத்தால் என்ன, அப்புறம் எடுத்தால் என்ன?" என்று கேட்பவரின் கேள்வி நியாயமானது.

ஆனாலும் இதில் கறாராக இருப்பவர்கள் உண்டு. வளைகுடா நாடுகளின் எண்ணெய், எரிவாயு ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு 'ரிவர்ஸில் மட்டுமே நிறுத்தவும்' என்ற பலகை பழக்கமானது. பிரிட்டனின் சாலை விதிநூலில் 201ஆம் விதி, வீட்டு வண்டிப் பாதையில் முடிந்தவரை ரிவர்ஸில் உள்ளே போய் நேராக வெளியே வரச் சொல்கிறது. இவர்கள் சொல்வது வெறும் ஒழுங்குக்காகவா, அல்லது அதற்குள் ஏதேனும் காரணம் இருக்கிறதா? இருக்கிறது. ஒரு பாதி சக்கரத்தில் இருக்கிறது, மறுபாதி நம் கண்ணில் இருக்கிறது.

கார் எந்தப் புள்ளியைச் சுற்றுகிறது?

முதலில் சக்கரம். பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரங்கள் மட்டுமே திரும்பும். பின்சக்கரங்கள் எப்போதும் வண்டியின் நீளவாக்கில் நேராகவே பார்த்திருக்கும். ஒரு சக்கரம் தான் பார்க்கும் திசையில்தான் சுலபமாக உருளும். பக்கவாட்டில் தள்ளினால் தரையைத் தேய்க்கும். நான்கு சக்கரங்களும் தேய்க்காமல் உருள வேண்டுமானால், நான்கும் ஒரே புள்ளியை மையமாகக் கொண்ட வட்டங்களில் ஓட வேண்டும். அந்தப் புள்ளியைச் சுழல்மையம் என்று அழைக்கலாம்.

இந்தச் சிக்கல் காருக்கு முன்பே குதிரை வண்டிக்கு வந்துவிட்டது. பழைய வண்டிகளில் முன் அச்சு முழுவதும் நடுவில் ஓர் ஆணியை வைத்துத் திரும்பும். கூர்மையாகத் திரும்பினால் வண்டி நிலைகுலையும். 1817இல் மியூனிக் நகரின் வண்டித் தச்சர் கியோர்க் லாங்கென்ஷ்பெர்கர் வேறு வழி கண்டார். முன்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி முளையில் திரும்பும். வளைவின் உட்பக்கச் சக்கரம் சற்று அதிகமாகவும் வெளிப்பக்கச் சக்கரம் சற்றுக் குறைவாகவும் திரும்பும். லண்டனில் அவருடைய முகவராக இருந்த ருடால்ஃப் ஆக்கர்மன் 1818இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதனால் இன்றும் இந்த அமைப்புக்கு ஆக்கர்மன் பெயரே நிற்கிறது. நம் கார்களின் ஸ்டியரிங் அந்த வழியில் வந்ததுதான்.

பின்சக்கரங்கள் திரும்பாதவை என்பதால் ஒரு முக்கியமான விளைவு உண்டு. மெதுவாக ஓடும் காரின் சுழல்மையம் எப்போதும் பின் அச்சை இரு பக்கமும் நீட்டினால் கிடைக்கும் கோட்டின் மேல்தான் அமையும். ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் காம்பஸை நினைத்துக்கொள்ளுங்கள். முள் குத்திய கால் இருந்த இடத்திலேயே நிற்கும். பென்சில் கால் வீசிச் சுற்றும். காருக்கு முள் குத்தியிருப்பது பின் அச்சின் கோட்டில், காருக்குப் பக்கத்தில். எனவே காரின் பின்பகுதி சிறிய வட்டத்தில் அடக்கமாகத் திரும்புகிறது. முன்பகுதி பெரிய வட்டத்தில் வீசித் திரும்புகிறது.

இதை நம்புவதற்குப் புத்தகம் தேவையில்லை. மழை ஓய்ந்தபின் தெருமுனையில் திரும்பிய காரின் டயர் தடங்களைப் பாருங்கள். நான்கு தடங்கள் தனித்தனியாகத் தெரியும். பின்சக்கரத் தடம் முன்சக்கரத் தடத்துக்கு உட்பக்கமாக விழுந்திருக்கும். இதை உள்வெட்டு எனலாம். சிறிய ஹேட்ச்பேக் கார் ஒன்றில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே சுமார் 2.45 மீட்டர் இருக்கும். திரும்பும் வட்டத்தின் ஆரம் சுமார் 4.8 மீட்டர். இந்த அளவுள்ள கார் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திரும்பினால் உட்பக்கப் பின்சக்கரம், முன்சக்கரம் போன வழியைவிட ஏறக்குறைய 1 மீட்டர் உள்ளே வெட்டிப் போகும். அச்சுகளுக்கு இடையிலான நீளம் கூடக் கூட இந்த வெட்டும் கூடும். குறுகலான முனையில் திரும்பும் பேருந்தின் பின்சக்கரம் நடைபாதை விளிம்பில் ஏறி இறங்குவது இதனால்தான்.

எந்த முனை இடுக்கில், எந்த முனை வெளியில்?

இப்போது இந்த அறிவோடு கட்டத்துக்குள் நுழைவோம். நம் ஊரில் கார் நிறுத்தும் கட்டம் பெரும்பாலும் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். 1.7 மீட்டர் அகலமுள்ள காரை நடுவில் நிறுத்தினால் பக்கத்துக்கு 40 சென்டிமீட்டர்தான் மிச்சம். கட்டங்களுக்கு நடுவில் ஓடும் பாதையிலோ அதைவிடப் பல மடங்கு இடம் இருக்கிறது.

நேராக உள்ளே விடும்போது முதலில் நுழைவது காரின் மூக்கு. பின் அச்சு இன்னும் நடுப்பாதையில் இருக்கிறது. கார் முழுமையாக நேராகவில்லை என்று ஸ்டியரிங்கை ஒடித்தால், எது பக்கவாட்டில் அதிகம் நகரும்? முன்பகுதி. ஆனால் அது ஏற்கெனவே இரண்டு கார்களுக்கு நடுவில், 40 சென்டிமீட்டர் இடைவெளியில் மாட்டியிருக்கிறது. அதே நேரம் உட்பக்கப் பின்சக்கரம் பக்கத்துக் காரின் மூலையை நோக்கி வெட்டிக்கொண்டு வருகிறது. வீச வேண்டிய முனைக்கு வீச இடமில்லை. இதனால்தான் நேராக விட்டவர்கள் பல நேரங்களில் கோணலாக நின்றுவிட்டு, திரும்ப வெளியே எடுத்து, இன்னொரு தடவை உள்ளே விடுகிறார்கள்.

ரிவர்ஸில் நுழையும்போது கட்டத்துக்குள் முதலில் போவது பின் அச்சு, அதாவது பக்கவாட்டில் அதிகம் நகராத முனை. அது இரண்டு கார்களுக்கு நடுவில் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டபின் மூக்கு நடுப்பாதையில் வீசித் திரும்புகிறது. அங்கே வீச இடம் இருக்கிறது. காரை நேராக்கும் வேலை முழுவதும் விசாலமான பக்கத்தில் நடக்கிறது.

விதியைச் சுருக்கமாகச் சொல்லலாம்: அதிகம் வீசும் முனை அகலமான இடத்தில் இருக்க வேண்டும், அடக்கமான முனை இடுக்கில் போக வேண்டும். சாலையோரம் இரண்டு கார்களுக்கு இடையில் வரிசையாக நிறுத்தும்போது எல்லோரும் ரிவர்ஸில்தான் நுழைகிறோம். நேராக நுழைந்தால் பின்பகுதி சாலையிலேயே நின்றுவிடும் என்பது அனுபவத்தில் தெரியும். கிடங்குகளில் சாமான் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளை வடிவமைத்தவர்களும் இதே விதியைப் பின்பற்றியிருக்கிறார்கள். அவற்றில் திரும்பும் சக்கரங்கள் பின்னால் இருக்கின்றன. சாமானைத் தூக்கும் முன்பக்கம் குறுகலான இடத்துக்குள் துல்லியமாகப் போகிறது. ரிவர்ஸில் போகும் காரும் அப்படித்தான்: போகும் திசையில் நிலையான சக்கரங்கள், பின்னால் திரும்பும் சக்கரங்கள்.

ஒரே பாதை, இரண்டு பயணம்

இங்கே ஒரு நுட்பமான உண்மை இருக்கிறது. மெதுவாக, டயர் சறுக்காமல் ஓடும் காரின் பாதை முன்னோக்கிப் போனாலும் பின்னோக்கிப் போனாலும் ஒன்றுதான். ஒரு கார் நேராகக் கட்டத்துக்குள் நுழைவதைப் படம் பிடித்து அந்தப் படத்தைத் தலைகீழாக ஓட்டினால், அந்தக் கார் ரிவர்ஸில் வெளியே வருவது போலத் தெரியும். ஸ்டியரிங் அதே அளவு ஒடிந்திருக்கும். சக்கரங்கள் அதே தடத்தில் ஓடும். இதை மீள்பாதைத் தன்மை எனலாம்.

அப்படியானால் நான்கு இயக்கங்களையும் இரண்டு ஜோடியாகப் பிரிக்க வேண்டும். நேராக உள்ளே போவதும் ரிவர்ஸில் வெளியே வருவதும் ஒரு ஜோடி. இரண்டிலும் இடுக்கில் இருப்பது மூக்கு. ரிவர்ஸில் உள்ளே போவதும் நேராக வெளியே வருவதும் மறு ஜோடி. இரண்டிலும் இடுக்கில் இருப்பது பின்பகுதி. முதல் ஜோடிக்கு இடம் அதிகம் தேவை, இரண்டாவது ஜோடிக்குக் குறைவு. ஆகவே நேராக நிறுத்தியவர் இட நெருக்கடியை ஒரு தடவை சந்தித்து முடித்துவிடுவதில்லை. உள்ளே போகும்போது மூக்குக்கு இடமில்லாமல் திணறிய அதே பாதையில் அவர் வெளியேயும் வர வேண்டும், அதுவும் பின்னால் பார்த்துக்கொண்டு. "எப்போது எடுத்தால் என்ன?" என்ற கேள்விக்குச் சக்கரத்தின் பதில் இது.

கண் எங்கே இருக்கிறது?

இனி கண்ணின் பதில். சிறிய காரில் ஓட்டுநர் ஏறக்குறைய வண்டியின் நடுவில் உட்காருகிறார். முன் பம்பருக்கு இருக்கும் தூரமும் பின் பம்பருக்கு இருக்கும் தூரமும் பெரிதாக வேறுபடாது. டிக்கி நீண்ட கார்களில் பின்பக்கத் தூரம் கூடும். ஆனால் தூரத்தைவிட முக்கியமானது நடுவில் என்ன மறைக்கிறது என்பது.

முன்பக்கம் அகலமான கண்ணாடி, அதற்கு அப்பால் தாழ்ந்த பானட். பின்பக்கம் தலைசாய்ப்பான்கள், பின் இருக்கையில் உட்கார்ந்தவர்கள், தடித்த கம்பங்கள், சிறிய கண்ணாடி, உயர்ந்த டிக்கி. கழுத்துக்கும் எல்லை உண்டு. நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவரின் கழுத்து ஒரு பக்கம் சுமார் 80 பாகை திரும்பும். வயதாக ஆகக் குறையும். நேராகப் பின்னால் பார்க்க 180 பாகை தேவை. மிச்சத்தை உடம்பைத் திருப்பியும் கண்ணை ஓட்டியும் கண்ணாடிகளை நம்பியும் ஈடுகட்டுகிறோம்.

அடுத்து, பக்கத்தில் நிற்கும் வண்டிகள். எல்லோரும் நேராக நிறுத்தியிருந்தால் நடுப்பாதையின் இருபுறமும் உயரமான பின்பகுதிகள் சுவர்போல் நிற்கும். எல்லோரும் ரிவர்ஸில் நிறுத்தியிருந்தால் தாழ்ந்த பானட்டுகள் வரிசையாக நிற்கும். அவற்றின் மேலாகப் பார்க்கலாம். நான் ரிவர்ஸில் நிறுத்துவது என் பக்கத்தில் நிறுத்தியிருப்பவரின் பார்வையையும் திறந்துவிடுகிறது.

வண்டியை ஒட்டி ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாத பகுதியைப் பார்வைமறைவு எனலாம். அது எவ்வளவு நீளம் என்று அளப்பது கடினமில்லை. அமெரிக்காவின் நுகர்வோர் ஆய்வு இதழான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் ஓர் எளிய முறையைப் பயன்படுத்தியது. சுமார் 71 சென்டிமீட்டர் உயரமுள்ள கூம்பு ஒன்றைக் காருக்குப் பின்னால் வைப்பார்கள். ஓட்டுநர் இருக்கையில் இருப்பவருக்கு அதன் நுனி தெரியும்வரை பின்னால் நகர்த்திக்கொண்டே போவார்கள். அந்த உயரம் நடக்கத் தொடங்கிய குழந்தையின் உயரத்துக்குப் பக்கம். உயரமான வண்டிகளில் இந்த மறைவு நீண்டது. குள்ளமான ஓட்டுநருக்கு இன்னும் நீண்டது. வீட்டில் காரை அணைத்துவிட்டு, ஒரு வாளியைப் பின்னால் வைத்து நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வாளி தெரியத் தொடங்கும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கும் பம்பருக்கும் இடையில் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தால் உங்களுக்குத் தெரியாமல் போகலாம்.

அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு ஆணையம் 2014இல் வெளியிட்ட கணக்கின்படி, ரிவர்ஸில் வரும் இலகுரக வாகனங்கள் மோதி அந்நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 210 பேர் இறந்தார்கள். சுமார் 15,000 பேர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் 31 சதவீதம் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள், 26 சதவீதம் 70 வயதைத் தாண்டியவர்கள். உயரம் குறைந்தவர்களும் விலக நேரம் பிடிப்பவர்களுமே அதிகம் பலியாகிறார்கள். குழந்தை இறக்கும் விபத்துகளில் ஓட்டியவர் பல நேரங்களில் அந்தக் குழந்தையின் உறவினராகவே இருக்கிறார். ரிவர்ஸில் வந்த காரில் அடிபட்டு இறந்த 2 வயதுக் குழந்தை ஒன்றின் பெயரால் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டமே இயற்றியது. அதன் விளைவாக 2018 மே 1 முதல் அங்கே விற்கும் புதிய இலகுரக வாகனங்கள் எல்லாவற்றிலும் பின்புறக் கேமரா கட்டாயம்.

தெரிந்த இடமும் தெரியாத இடமும்

இப்போது சக்கரத்தையும் கண்ணையும் சேர்த்துப் பார்ப்போம். நிறுத்த வரும்போது ஓட்டுநர் அந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் போகிறார். அது காலியாக இருப்பதைச் சில நொடிகளுக்கு முன் தன் கண்ணால் பார்த்துவிட்டார். அதற்கு மூன்று பக்கமும் எல்லை உண்டு. குறுக்கே ஓடும் பைக் அதற்குள் வராது. அவர் ரிவர்ஸில் போவது தெரிந்த, அடைபட்ட, காலியான இடத்துக்குள்.

கிளம்பும்போது நிலைமை வேறு. அவர் கடைக்குள்ளோ ஆஸ்பத்திரிக்குள்ளோ இருந்த நேரத்தில் காருக்குப் பின்னால் என்ன வந்தது, யார் வந்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. ரிவர்ஸ் எடுத்தால் அவர் போவது பிறர் நடக்கும், வண்டி ஓடும் பாதைக்குள். பக்கத்து வண்டிகளைத் தாண்டி அவர் கண் வெளியே எட்டிப் பார்ப்பதற்குள் காரின் பாதி உடல் பாதையில் நீண்டிருக்கும். நடை வேகத்தில், நொடிக்கு 1 மீட்டர் வீதம் 2 மீட்டர் பின்னால் வர 2 நொடி ஆகும். அந்த 2 நொடியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். கடை வாசலில் மூக்கை நுழைத்து நிறுத்திவிட்டு நேராகக் கடைவீதிக்குள் ரிவர்ஸ் எடுக்கும் நம் ஊர்ப் பழக்கத்தின் ஆபத்து இந்தக் கணக்கில் இருக்கிறது.

ரிவர்ஸைத் தவிர்க்க முடியாது. ஆனால் அதை எந்த இடத்துக்குள் எடுப்பது என்பதை நாம் தீர்மானிக்கலாம். பார்வை குறைந்த வேலையைத் தெரிந்த இடத்தில் செய்துவிட்டு, தெரியாத இடத்துக்குள் போகும்போது முழுப் பார்வையோடு போவதே அறிவு.

கேமரா இருக்கிறதே?

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். பம்பரில் இருக்கும் சிறிய வட்டங்கள் நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அது மோதித் திரும்பும் நேரத்தை அளக்கின்றன. 1 மீட்டரில் இருக்கும் பொருளிலிருந்து எதிரொலி வர சுமார் 6 மில்லி நொடி ஆகும். அதை வைத்துத் தூரம் தெரிந்துவிடும். நல்ல கருவிதான். ஆனால் அது பார்ப்பது பம்பரை ஒட்டிய சிறு பகுதியை. பக்கவாட்டிலிருந்து விரைந்து வரும் பைக்கைப் பார்க்க அது செய்யப்படவில்லை.

கேமராவால் எவ்வளவு பயன் என்பதையும் அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம், கேமரா உள்ள கார்களையும் இல்லாத கார்களையும் ஒப்பிட்டது. போலீசில் பதிவான ரிவர்ஸ் மோதல்கள் கேமராவால் 17 சதவீதம் குறைந்தன. கேமரா, சென்சார், தானாகப் பிடிக்கும் பிரேக் மூன்றும் சேர்ந்தபோது 78 சதவீதம் குறைந்தன. திரையில் படம் தெரிவது ஒன்று, ஓட்டுநர் அதைப் பார்த்து, புரிந்து, பிரேக்கை மிதிப்பது இன்னொன்று என்பதை இந்த இடைவெளி காட்டுகிறது. குறுக்கே வருவதை எச்சரிக்கும் கருவிகளை அமெரிக்க வாகனச் சங்கமான ஏஏஏ 2015இல் சோதித்தது. இருபக்கமும் பெரிய வண்டிகள் நிற்க, நடுவிலிருந்து ரிவர்ஸ் எடுத்தபோது, குறுக்கே வந்த மோட்டார் சைக்கிளை 48 சதவீதச் சோதனைகளிலும் நடந்து வந்தவரை 60 சதவீதச் சோதனைகளிலும் கருவிகள் கண்டுகொள்ளவில்லை. இதைச் சொல்லி அந்தச் சங்கம் ஓட்டுநர்களை ரிவர்ஸில் நிறுத்தச் சொன்னது.

எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம்?

அறிவியலில் முடிவைப் போலவே முடிவுக்கு வந்த வழியும் முக்கியம். வாகன நிறுத்தங்களைப் பற்றிய புள்ளிவிவரத்தில் மூன்று கண்ணிகள் இருக்கின்றன.

முதலாவது, விபத்துகள் கணக்கிலேயே வராமல் போவது. சாலை விபத்துப் புள்ளிவிவரம் பொதுச்சாலையில் நடப்பதை எண்ணுகிறது. வீட்டு முற்றத்திலும் கடை வளாகத்திலும் நடப்பது பெரும்பாலும் அதில் சேராது. அமெரிக்கா இதற்காகவே சாலைக்கு வெளியே நடக்கும் விபத்துகளை எண்ணத் தனி ஏற்பாடு செய்தது. மேலே சொன்ன 210 என்ற எண்ணை மதிப்பிட அப்படிப்பட்ட கணக்கு தேவைப்பட்டது.

இரண்டாவது, எத்தனை பேர் அதைச் செய்கிறார்கள் என்பது. ஏஏஏ எடுத்த கணக்கெடுப்பில் அமெரிக்கர்களில் 76 சதவீதம் பேர் பெரும்பாலும் நேராகவே நிறுத்துவதாகச் சொன்னார்கள். அவ்வளவு பேர் ரிவர்ஸில் வெளியே வரும்போது அந்த வகை மோதல்கள் எண்ணிக்கையில் அதிகமாகத்தான் இருக்கும். எண்ணிக்கையை மட்டும் வைத்து ஆபத்தை முடிவு செய்யக் கூடாது. ஒரு தடவைக்கு எவ்வளவு ஆபத்து என்று வகுத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, நிறுத்துபவரின் குணம். ரிவர்ஸில் நிறுத்துபவர் இயல்பிலேயே நிதானமானவராக இருக்கலாம். அவருக்கு விபத்து குறைவு என்றால் அது நிறுத்தும் முறையாலா, நிதானத்தாலா? அமெரிக்காவின் ஓல்ட் டொமினியன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷாவோமின் லி பல நாடுகளில் கார் நிறுத்தும் முறையை எண்ணி, சீனாவில் 88 சதவீதம் பேரும் அமெரிக்காவில் ஏறக்குறைய 6 சதவீதம் பேரும் ரிவர்ஸில் நிறுத்துவதாகச் சொன்னார். பிற்காலப் பலனுக்காக இப்போது சிரமப்படும் மனநிலையோடும் பொருளாதார வளர்ச்சியோடும் அதைத் தொடர்புபடுத்தினார். சுவையான சிந்தனைதான். ஆனால் இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. கட்டத்தின் அகலம், ஓட்டுநர் தேர்வு, காவலாளியின் கட்டளை என்று நடுவில் எத்தனையோ இருக்கலாம்.

ஆகவே இந்த வாதத்தின் பலம் ஏதோ ஓர் எண்ணில் இல்லை. சுழல்மையம் பின் அச்சின் கோட்டில் இருப்பது வடிவியல். பார்வைமறைவு வாளியை வைத்து அளக்கக்கூடியது. ரிவர்ஸ் மோதல்களில் குழந்தைகளும் முதியவர்களும் இறப்பது பதிவாகியுள்ளது. தனித்தனியாகக் கிடைத்த இந்தச் சான்றுகள் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. அதனால்தான் நம்புகிறோம்.

எங்கே நேராக விட வேண்டும்?

எல்லா இடத்துக்கும் ஒரே விதி பொருந்தாது. ஒருவழிப் பாதையில் சாய்வாகக் கோடு போட்ட கட்டங்கள் நேராக நுழைவதற்காகவே வரைந்தவை. அங்கே ரிவர்ஸில் நுழைய முயன்றால் எதிர்த்திசையில்தான் வெளியே வர வேண்டியிருக்கும். அமெரிக்காவின் சியாட்டில், டூசான் போன்ற நகரங்களில் சில தெருக்களில் சாய்வையே மாற்றி, ரிவர்ஸில் நுழையும்படி கோடு போட்டிருக்கிறார்கள். கிளம்பும் ஓட்டுநருக்கு எதிரில் வரும் சைக்கிள் தெரிய வேண்டும் என்பது ஒரு காரணம். ஜப்பானில் பெரும்பாலோர் ரிவர்ஸில் நிறுத்துகிறார்கள். ஆனால் கட்டத்தை ஒட்டி வீடோ செடியோ இருந்தால் புகைக்குழாய் அந்தப் பக்கம் பார்க்காதபடி நேராக நிறுத்தச் சொல்லிப் பலகை வைத்திருப்பார்கள். ஃப்ளோரிடா போன்ற மாநிலங்களில் எண்பலகை பின்புறம் மட்டுமே இருப்பதால் சில நிறுத்தங்களில் பின்புறம் தெரியும்படி நிறுத்த வேண்டும். மாதச் சாமான் வாங்கி டிக்கியில் ஏற்ற வேண்டும் என்றால் நேராக விடுவது வசதி. கட்டத்தின் முடிவில் நடைபாதையோ குழந்தைகள் விளையாடும் இடமோ இருந்தால் காரின் வால் அந்தப் பக்கம் போகவே கூடாது. எதிரெதிர்க் கட்டங்கள் இரண்டும் காலியாக இருந்தால் ஒன்றின் வழியே புகுந்து மறு கட்டத்தில் நிறுத்துவதே எல்லாவற்றிலும் நல்லது. அங்கே ரிவர்ஸே தேவையில்லை.

ஒரு செலவையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ரிவர்ஸில் நிறுத்த நேரம் பிடிக்கும். முன்னோக்கி ஓடும்போது பின்பகுதி முன்பகுதியைத் தானாகத் தொடர்ந்து வந்து நேராகிவிடும். ரிவர்ஸில் அப்படி நேராகாது. ஸ்டியரிங்கில் சிறு பிசகு இருந்தாலும் போகப் போகப் பெருகும். ஆகையால் ரிவர்ஸ் என்பது மெதுவாகச் செய்ய வேண்டிய வேலை, பழகினால் வரும் வேலை. நடை வேகத்துக்கு மேல் போகக் கூடாது. நம் கார்களில் ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால் வலப்பக்கக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் பின்சக்கரம் போகும் வழி உங்கள் ஜன்னலிலிருந்தே தெரியும். பின்சக்கரம் கட்டத்தின் வாயைச் சரியாகப் பிடித்ததா என்பதை முதலில் பாருங்கள், பிறகு மூக்கைத் திருப்புங்கள். மூக்கு வீசும் பக்கம் யாராவது நடந்து வருகிறார்களா என்று ஒரு தடவை பாருங்கள். இண்டிகேட்டரைப் போட்டுவிட்டால் பின்னால் வருபவர் காத்திருப்பார்.

இது தனிமனிதர் பொறுப்பு மட்டும் அல்ல. பிரிட்டனில் ஓட்டுநர் தேர்வில் கட்டத்துக்குள் நிறுத்துவதும் சோதிக்கப்படுகிறது. நம் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளும் எட்டுப் போடப் பழக்குவதோடு நிறுத்தாமல், இரண்டு கம்பங்களுக்கு நடுவில் ரிவர்ஸில் நுழையக் கற்றுத்தர வேண்டும். அடுக்குமாடிச் சங்கங்கள் ரிவர்ஸில் நிறுத்தும் வழக்கத்தைக் கொண்டுவரலாம். கீழ்த்தளத்தில் குழந்தைகள் விளையாடும் குடியிருப்புகளில் இது இன்றே எடுக்க வேண்டிய முடிவு. செலவு ஒரு பைசா கிடையாது. வரும்போது அரை நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். அந்த அரை நிமிடத்தைக் கொடுப்பவர் பார்க்க முடியாத திசையில், யார் நிற்கிறார் என்று தெரியாத பாதைக்குள் காரை விட வேண்டிய கட்டாயத்திலிருந்து விடுபடுகிறார். அவர் கிளம்பும் நேரத்தில் அந்தப் பக்கம் நடந்து வருபவரும் விடுபடுகிறார்.